இடுப்பெலும்பு தாடைக்குப் போனால்...



"ஹஸரத், இடுப்பெலும்பை வெட்டி எடுத்துவிட்டால் அவளுக்குப் பிறகு பிள்ளை பெற ஏலுமா?"

"ஓரிடத்து எலும்பை எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது ஆகுமான காரியமா?"

"நடக்க ஏலாமல் படுக்கையில் விழுந்துவிட்டால் யார் பார்ப்பது?"

தாடையில் பெரிய சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், அதற்கு இடுப்பில் இருந்து எலும்பு எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து வீடுகளில் முதலில் எழும் கேள்விகள் இவைதாம். வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் மௌலவியிடமே வருகின்றன. அங்கே கேட்க வெட்கம். பல இடங்களில் சிங்களத்தில் பேசவும் வேண்டும். அரபுக் கல்லூரியில் ஓதிக் கொடுக்கும் நான் வைத்தியனல்லன். ஆயினும் மொழி தெரியாதவர்களோடு கிளினிக் வரிசையில் நின்று, வைத்தியர்களும் தாதிகளும் சொன்னதைக் கேட்டு வீட்டாருக்கு விளங்கப்படுத்தும் வேலை எனக்குப் பலமுறை வாய்த்திருக்கிறது. அப்படிக் கேட்டு அறிந்தவற்றையும், மார்க்கத்தின் பக்கம் சொல்ல வேண்டியவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். ஒவ்வொருவருடைய உடலுக்கும் தனிக்கணக்கு உண்டு. ஆகவே உங்கள் வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எதற்காக இந்தச் சத்திரசிகிச்சை?

தாடையெலும்பில் ஒரு துண்டை வெட்டி அகற்ற நேரும்போதுதான் அந்த இடைவெளியை நிரப்ப வேறு எலும்பு தேவைப்படுகிறது. விபத்தில் தாடை நொறுங்கியவர்கள், வாய்ப் புற்றுநோய் எலும்பைத் தொட்டுவிட்டவர்கள், பிறவியிலேயே உதடும் ஈறும் பிளந்த பிள்ளைகள் ஆகியோர் இதில் அடங்குவர். ஈறு பிளந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் இறங்கும் முன்பாக, இடுப்பில் இருந்து சிறிதளவு எலும்பு எடுத்து வைக்கிறார்கள். சிறு பிள்ளைகள் ஓரிரு வாரத்தில் ஓடித் திரிவார்கள். அவர்களைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம்.

நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வருவது, இளம் பெண்களுக்கும் வரக்கூடிய ஒரு கட்டியைப் பற்றி. 'அமெலோபிளாஸ்டோமா' என்பது அதன் பெயர். புற்றுநோய் வகையைச் சேர்ந்ததன்று. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பக்கத்தில் தோன்றி, வலியே இல்லாமல், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும். கன்னம் ஒரு பக்கம் பருத்துத் தெரியும். பல் ஆடும். வலி இல்லாததால் யாரும் பொருட்படுத்துவதில்லை. மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தால் மீண்டும் முளைக்கும் குணம் இதற்குண்டு. ஆகையால் சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் சிறிதளவு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டி வருகிறது.

இங்கே நம் வீடுகளில் நடப்பது என்ன? "கல்யாணம் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு ஒரு வருடம் போகிறது. பிறகு இன்னொரு வருடம். இதற்கிடையில் கட்டி சும்மா இருப்பதில்லை. தாடையில் விழும் இடைவெளி ஏறக்குறைய 5, 6 சென்டிமீட்டருக்குள், அதாவது ஒரு தீப்பெட்டியின் நீளத்தை விடச் சற்றுக் கூடுதலாக இருந்தால், இடுப்பில் எடுத்த எலும்புத் துண்டே பெரும்பாலும் போதும். அதைவிடப் பெரிதானால், அல்லது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்பட்டால், இரத்தக் குழாயோடு சேர்த்து எலும்பை எடுத்துக் கழுத்தின் இரத்தக் குழாயோடு தைத்து இணைக்கும் நீண்ட சத்திரசிகிச்சை அவசியமாகலாம். அதற்கு இடுப்பெலும்பையோ காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பையோ எடுப்பார்கள். ஒரு வருடம் மறைத்து வைத்ததற்கு அந்தப் பிள்ளை கொடுக்கும் விலை இது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அஞ்சி மறைத்த கன்னம் அதற்குள் எவராலும் மறைக்க முடியாத அளவுக்கு வளர்ந்தும் விடுகிறது.

கன்னத்தில் வலியில்லாத வீக்கம் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஓர் எக்ஸ்ரே படமே பெரும்பாலும் வழியைக் காட்டிவிடும். அங்கிருந்து முகத்தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையும் இதற்குப் பெயர் பெற்ற அரச நிலையங்கள். புற்றுநோயாக இருந்தால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை.

ஏன் இடுப்பு?

குழந்தையை இடுப்பில் தூக்கி வைக்கிறீர்கள் அல்லவா? குழந்தை உட்காரும் அந்த மேடுதான் வைத்தியர்கள் எலும்பெடுக்கும் இடம். பாவாடை நாடா பதியும் இடம் என்றாலும் சரி. அந்த விளிம்பு தடிப்பானது. உள்ளே கடற்பஞ்சு போல் மச்சை நிறைந்து உயிரணுக்கள் மிகுந்திருக்கும். வளைந்த அமைப்பும் தாடையின் வளைவோடு பொருந்திப் போகிறது. முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த படைவீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் என்னும் ஊரில் 1917இல் திறக்கப்பட்ட வைத்தியசாலையில், ஹரோல்ட் கில்லிஸ் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் எலும்பு ஒட்டித் தாடைகளைச் சீர்செய்தார்கள். இது நேற்று வந்த பரிசோதனை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

பிள்ளைப்பேறு பற்றிய அச்சத்துக்கு விடை இதிலேயே இருக்கிறது. குழந்தை பிறக்கும் வழி கீழே, இடுப்பெலும்புக் கூட்டின் உள்வளையத்தில் உள்ளது. எலும்பு எடுப்பதோ மேலே, வெளிவிளிம்பில். கர்ப்பப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிற்காலத்தில் கர்ப்பிணிக் கிளினிக்குக்குப் போகும்போது இப்படி ஒரு சத்திரசிகிச்சை நடந்தது என்று மருத்துவமாதுவிடம் சொல்லி வையுங்கள். அது போதும்.

மார்க்கம் தடுக்கிறதா?

அர்ஃபஜா (ரழி) என்ற ஸஹாபி ஜாஹிலிய்யாக் காலத்தில் குலாப் என்ற போரில் மூக்கை இழந்தார். வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்தியபோது அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்து பொருத்திக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னதாக அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. ஆணுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும், சிதைந்த முகத்தைச் சீர்செய்ய அனுமதி கிடைத்ததைக் கவனியுங்கள். அந்தலூசின் குர்துபாவில் வாழ்ந்து, ஏறக்குறைய 1013இல் மறைந்த அஸ்ஸஹ்ராவி தமது பெரிய மருத்துவ நூலில் முறிந்த தாடையைச் சேர்த்துக் கட்டும் முறையையும் ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையையும் எழுதி வைத்தார். நம் முன்னோர் இந்தக் கலையை வெறுத்தவர்களல்லர்.

ஒருவருடைய உடலின் ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு உறுப்பையோ எலும்பையோ மாற்றி வைப்பது குறித்து, ஜித்தாவில் 1988 பெப்ரவரியில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தெளிவாகவே தீர்மானித்துள்ளது. அதனால் வரும் நன்மை தீங்கை விட மிகுதியாக இருக்க வேண்டும். இழந்த உறுப்பை, அதன் அமைப்பை அல்லது செயற்பாட்டை மீட்கவோ, உடலையோ மனத்தையோ வருத்தும் குறையை நீக்கவோ அது செய்யப்பட வேண்டும். இந்நிபந்தனைகளோடு அது ஆகுமானது. மனவருத்தத்தையும் ஒரு காரணமாக உலமாக்கள் ஏற்றிருப்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். "முகம் கோணினால் என்ன, உயிர் இருந்தால் போதும்" என்று பிள்ளையை அடக்கி வைக்க மார்க்கத்தைத் துணைக்கு அழைக்க முடியாது.

இடுப்பை ஆண் வைத்தியர் பார்ப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். தகுதியான பெண் வைத்தியர் கிடைத்தால் நல்லது. கிடைக்காதபோது தேவையான அளவுக்குப் பார்ப்பதையும் தொடுவதையும் ஷரீஅத் அனுமதிக்கிறது. கட்டு மாற்றும்போது ஒரு பெண் தாதி உடன் நிற்கும்படி கேட்பதில் தவறில்லை. கேளுங்கள், வெட்கப்பட்டுக் கிளினிக்கையே தவிர்த்து விடாதீர்கள்.

முதல் நாட்கள்

சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்ததும் தாடைதான் அதிகம் வலிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பலருக்கு அதைவிட இடுப்புத்தான் வலிக்கிறது! இதை முன்கூட்டியே அறியாதவர்கள் "இடுப்பில் ஏதோ பிழை நடந்துவிட்டது" என்று கலங்கிப் போகிறார்கள். நடக்கத் தேவையான தசைகள் அந்த விளிம்பில்தான் பிடித்திருக்கின்றன. எலும்பெடுக்க அவற்றை ஒதுக்கியதால்தான் அடியெடுத்து வைக்கும்போது அவ்வளவு வலி. இருமும்போதும் தும்மும்போதும் கூட வலிக்கும். ஒரு தலையணையை இடுப்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள்.

வலி இருக்கிறதென்று படுக்கையிலேயே கிடக்கக் கூடாது. பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வைத்தியசாலையிலேயே எழுப்பி நடத்துவார்கள். பக்கத்தில் நிற்கும் உம்மாவுக்கு அது கொடுமையாகத் தெரியும். "பாவம், பிள்ளையைப் படுக்க விடுங்கள்" என்று தாதியோடு சண்டைக்குப் போனவர்களையும் நான் கண்டிருக்கிறேன். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும். நெஞ்சில் சளி கட்டும். வலி மாத்திரையைக் குறித்த நேரத்துக்குக் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கியதும் நடக்க வைப்பதே முறை. கைத்தடி பிடிப்பதானால் வலிக்கும் பக்கத்துக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். வலது இடுப்பில் எடுத்திருந்தால் தடி இடது கையில். அநேகர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போனது போலவோ எரிவது போலவோ இருக்கலாம். தோலுக்குப் போகும் ஒரு நரம்பு அந்த வழியே செல்கிறது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறைந்து வரும். சிலருக்குச் சிறிதளவு நின்றுவிடுவதும் உண்டு. நடையை அது கெடுக்காது.

தரையே இடுப்புக்குப் பகை

வைத்தியசாலையில் கட்டில் உயரமாக இருந்தது, மலசலகூடத்தில் இருக்கை இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கிறது? நம் வீடுகளில் எல்லா வேலையும் தரையோடுதான். பாயில் படுக்கை. திருவலையில் குந்தித் தேங்காய் திருவுவது. மீன் வெட்டுவது முற்றத்தில் குந்தி. மலசலகூடமும் குந்தி இருக்கும் வகை. எலும்பெடுத்த இடத்துக்கு முதல் ஆறு வாரங்களில் ஆகாதது இந்தக் குந்துதலும், தரையில் இருந்து ஒரே உந்தலில் எழும்புவதும்தான். விளிம்பின் முன்முனையில் இருந்து இழுக்கும் தசை மிகவும் பலமுள்ளது. எலும்பு மெலிந்திருக்கும் வேளையில் திடீரென்று எழும்பினாலோ, படியில் தாவினாலோ அந்த முனை உடைந்து போவதும் உண்டு. அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் மீண்டும் படுக்கைதான்.

ஆகவே அவள் வீட்டுக்கு வருமுன்னே மூன்று ஏற்பாடுகள் செய்யுங்கள். பாயை எடுத்துவிட்டு ஒரு கட்டில். இல்லாவிட்டால் அயல் வீட்டில் இரவல் வாங்குங்கள். மலசலகூடத்துக்கு நடுவில் துளையிட்ட ஒரு கதிரை; பிளாஸ்டிக் கதிரையை வெட்டியும் செய்து கொள்ளலாம், கால்கள் வழுக்காமல் உறுதியாக இருக்க வேண்டும். மூன்றாவது, கைப்பிடியுள்ள உயரமான ஒரு கதிரை. சோறு தின்னவும் தொழவும் அதுவே உதவும்.

கிணற்றில் தண்ணீர் இறைப்பது, பவுசரில் வரும் தண்ணீரைக் குடத்தில் தூக்குவது, நெல்லுச் சாக்கு நகர்த்துவது இவையெல்லாம் ஆறு வாரத்துக்கு வேண்டாம். பெரிய துண்டு எடுத்திருந்தால் மூன்று மாதம் வரை என்பார்கள். கைக்குழந்தை இருந்தால் அவள் உட்கார்ந்த பின் மடியில் கொண்டு வந்து கொடுங்கள். அந்தப் பக்க இடுப்பில் மட்டும் ஏற்றவே கூடாது. பாவாடை நாடா தையலில் உரசும். அதனால் இறுக்கமில்லாத நீளச்சட்டையே நல்லது.

இன்னொன்றையும் மனவருத்தத்தோடு சொல்கிறேன். எண்ணெய் தடவி உருவுவது. முறிவு வைத்தியரை அழைத்து வந்து, பச்சிலை வைத்துக் கட்டி, சூடு காட்டி உருவுகிறார்கள். அந்தக் கைகளின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இது முறிவன்று. எலும்பு வேண்டுமென்றே எடுக்கப்பட்ட இடம். உருவினால் உள்ளே இரத்தம் கசிந்து கட்டும், சீழ் வைக்கும்.

வாயும் உணவும்

புதிதாக வைத்த எலும்புத் துண்டு முதலில் சொந்தமாக இரத்த ஓட்டம் இல்லாத விருந்தாளி. சுற்றியுள்ள சதையில் இருந்து சிறு சிறு இரத்தக் குழாய்கள் அதற்குள் முளைத்துப் போக வேண்டும். பிறகு உடல் அந்தப் பழைய எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் புது எலும்பை அந்த இடத்தில் கட்டும். இதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை அதைத் தாங்கி நிற்பது டைட்டேனியம் தகடும் திருகாணிகளும். வெளியே தையல் பிரித்தாயிற்று, வீக்கம் வடிந்தாயிற்று என்பதால் உள்ளே எல்லாம் ஒட்டிவிட்டது என்று எண்ணக் கூடாது. மூன்றாம் வாரத்தில் முறுக்குக் கடிக்க ஆசைப்பட்டால் அதற்குத்தான் ஆபத்து.

முதலில் சில நாட்கள் மூக்கு வழியே குழாயில் உணவு கொடுக்கலாம். பிறகு நீராகாரம், பிறகு குழைவானது. மெல்லும் உணவுக்கு ஏறக்குறைய ஆறு வாரம் பொறுக்க வேண்டும். வைத்தியர் நாள் சொல்வார். வெறும் தேத்தண்ணீரும் சோற்றுக் கஞ்சியும் கொடுத்து "சாப்பாடு இறங்குகிறது" என்று திருப்திப்படாதீர்கள். எலும்பு கட்டப் புரதம் வேண்டும். நம் கரையில் மீனுக்கு என்ன பஞ்சம்? பாரையோ சூரையோ முள் ஒன்றில்லாமல் எடுத்து, சோறும் பருப்பும் பூசணிக்காயும் சேர்த்து அவித்து, பிளெண்டரில் அரைத்து, வடித்துக் கொடுங்கள். கொதிக்கும் கஞ்சியில் அடித்த முட்டையை ஊற்றிக் கிளறலாம். நோன்புக் கஞ்சியைக் காரம் குறைத்து அரைத்து வடித்தால் விருப்பத்தோடு குடிப்பார்கள். பால், தயிர், பப்பாசி, வாழைப்பழம், குரக்கன் கூழ் எல்லாம் ஆகும். ஒரு நேரத்தில் அதிகம் இறங்காது. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாரம் ஒருமுறை நிறை பாருங்கள். நிறை தொடர்ந்து இறங்கினால் கிளினிக்கில் சொல்லுங்கள். மாத்திரைகளை இடித்துக் கொடுக்குமுன் கேட்டுக் கொள்ளுங்கள். சிலவற்றை இடிக்கக் கூடாது.

கீழுதடும் நாடியும் மரத்திருக்கும். கொதிக்கும் தேத்தண்ணீர் உதட்டைச் சுட்டாலும் தெரியாது! கோப்பையைக் கொடுக்குமுன் உங்கள் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். வாயோரம் வழிந்தாலும் அவளுக்குத் தெரியாது. நான்கு பேர் முன் சிரிக்காமல், மடியில் ஒரு சிறு துவாய் வைத்துக் கொடுங்கள்.

தாடைகளைக் கம்பியால் பிணைத்து அனுப்பியிருந்தால், கம்பி வெட்டும் குறடு அவள் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். எந்தக் கம்பியை வெட்டுவது என்று வீட்டில் இருவராவது தாதியிடம் கேட்டுப் படித்துக்கொண்டு வர வேண்டும். வாந்தி வந்தால் உடனே முன்னுக்குக் குனிய வைக்க வேண்டும்.

ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் வாயைச் சுத்தம் செய்வது மருந்தைப் போன்றது. கிருமி உள்ளே போனால் அந்த எலும்பே கெட்டுவிடும். வைத்தியர் தந்த கொப்பளிப்பு மருந்து, அல்லது ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. நம் ஊர் உப்பளத்து உப்பே போதும். வேகமாகக் கொப்பளித்துத் துப்பாமல், மெதுவாகச் சுழற்றி வழிய விட வேண்டும். கராம்பு எண்ணெய், மஞ்சள், திருநீர்ச் சாம்பல் எதையும் வாய்க்குள் தடவாதீர்கள்.

வெற்றிலைத் தட்டு

நோய் விசாரிக்க வருகிறவர்களுக்கு முன் வெற்றிலைத் தட்டு வைப்பது நம் பழக்கம். அதே தட்டில் இருந்து ஒரு சுருளை நோயாளியின் கையிலும் திணிக்கும் பெரியம்மாக்கள் இருக்கிறார்கள். "புகையிலை போடவில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தானே!" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என 1985இலேயே சொல்லிற்று. 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலைச் சுருளும், பாக்கு மட்டுமே தனியாகவும் அதே வகையைச் சேர்ந்தவை என்று முடிவு சொல்லிவிட்டது. நம் நாட்டு ஆண்களிடையே முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் வாயையும் தொண்டையையும் சார்ந்தது. வெற்றிலை போடும் பெண்களையும் அது விட்டு வைப்பதில்லை.

புகையிலையில் உள்ள நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இரத்தக் குழாய் முளைப்பதை நம்பியே இருக்கும் எலும்புத் துண்டுக்கு இதைவிடக் கேடு வேறில்லை. பக்கத்தில் இருந்து பீடி, சிகரட் புகைக்கும் ஆண்களும் முற்றத்துக்கு அப்பால் போகட்டும். வாப்பாவாக இருந்தாலும் சரி, மாமாவாக இருந்தாலும் சரி. சீனி வருத்தம் உள்ளவர்கள் சீனியைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் காயம் ஆறப் பிந்தும். அதையும் மறக்க வேண்டாம்.

தொழுகையும் நோன்பும்

நின்று தொழ முடியாவிட்டால் இருந்தும், அதற்கும் முடியாவிட்டால் சரிந்து படுத்தும் தொழலாம் என்பது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் காட்டிய வழி. நிற்க முடியும், ஆனால் ஸுஜூதுக்குக் குனிந்து எழ முடியாது என்றால், நிலையில் நின்று, ருகூஉவுக்கு முடிந்த அளவு குனிந்து, கதிரையில் இருந்து அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தலை தாழ்த்தி ஸுஜூதைச் சைகையாகச் செய்யலாம். தரையில் நெற்றி வைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்துத் தையலை அறுத்துக்கொள்வது தக்வா ஆகாது.

வுழூவில் வாய் கொப்பளிப்பது ஷாபிஈ மத்ஹபில் ஸுன்னத்துத்தான். தீங்கு வரும் என்றால் விட்டுவிடலாம். முகத்தில் கட்டு இருந்தால், நல்ல பகுதியைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, காயத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். காயத்தின் மீது மண் படத் தேவையில்லை. பின்னர் அந்தத் தொழுகைகளைத் திருப்பித் தொழ வேண்டுமா என்பதில் விபரங்கள் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் உங்கள் நிலையைச் சொல்லிக் கேட்டுக் கொள்ளுங்கள்.

ரமழான் வந்துவிட்டால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டிய உடலைப் பகல் முழுதும் பட்டினி போடக் கூடாது. மாமியார் முன்னால் நோன்பில்லாமல் கஞ்சி குடிக்கக் கூசி, இரகசியமாகப் பட்டினி கிடக்கும் மருமக்களும் உண்டு. மாமிமார்களே, அந்தக் கஞ்சியை நீங்களே ஊற்றிக் கொடுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

காய்ச்சல், வாயில் துர்நாற்றமும் சீழும், கழுத்துத் தையல் வழியே உமிழ்நீர் கசிவது, தகடு வெளியே தெரிவது, இடுப்பு வீக்கம் வடியாமல் கூடிக்கொண்டே போவது, 'டக்' என்று சத்தம் கேட்டது போல் இடுப்பில் திடீர் வலி வந்து கால் தூக்க முடியாமல் போவது, இவற்றுக்கு அடுத்த கிளினிக் நாளை எதிர்பார்த்திருக்க வேண்டாம். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ அந்த நிமிடமே பக்கத்து அரச வைத்தியசாலைக்கு, புத்தளமோ சிலாபமோ, கொண்டு போங்கள்.

பேராதனைக்கோ கொழும்புக்கோ கிளினிக் போகும் நாளில் பஸ்ஸில் ஒரே இருப்பாக இருக்க விடாதீர்கள். கொழும்பு வீதியிலும் குருநாகல் வீதியிலும் நடுவில் இறங்கி ஐந்து நிமிடம் நடக்கட்டும். வாகனம் பிடித்துப் போக வசதியுள்ளவர்கள் அப்படியே செய்யுங்கள்.

முகம்

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் வந்து, "அல்லாஹ்வே, எப்படி இருந்த முகம்!" என்று மார்பில் அடித்துக்கொள்ளும் விருந்தாளிகள் வராமல் இருப்பதே சதகா. நோய் விசாரிப்பது ஸுன்னத். அதைச் சுருக்கமாகச் செய்வதும் அதன் ஒழுக்கம். பேச முடியாதவளிடம் கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். ஒரு கொப்பியும் பேனாவும் அவள் பக்கத்தில் வையுங்கள்.

வீட்டுக் கண்ணாடியை மறைத்து வைக்கிறார்கள் சிலர். அதைவிட, ஆறு மாதத்துக்குப் பின்தான் முகத்தின் உண்மையான வடிவம் தெரியும் என்று அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கணவன்மார்களுக்கும் இதையே சொல்கிறேன். அவள் முகத்தை முதலில் பார்ப்பது உங்கள் கண்களில்தான்.

ஏறக்குறைய நான்கு முதல் ஆறு மாதங்களில், படம் எடுத்துப் பார்த்து எலும்பு பிடித்துவிட்டது என்று கண்டால், பல் வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். எலும்பில் திருகாணி போலப் பதிக்கும் பற்கள் விலை கூடியவை. கழற்றி மாட்டும் பற்களும் பலருக்கு நன்றாகவே உதவுகின்றன. எது பொருந்தும் என்பதை உள்ளிருக்கும் எலும்பின் அளவே தீர்மானிக்கும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், பல வருடங்கள் கழிந்த பின்னும் கூட, ஊர்ப் பல் வைத்தியரிடம் பல் பிடுங்கப் போனால் முதலில் அதைச் சொல்ல வேண்டும். கதிர்பட்ட தாடையில் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்துப் போகலாம். அதற்காகவே பழைய கிளினிக் அட்டையையும் படங்களையும் தூக்கி எறியாமல், வீட்டில் காணி உறுதி வைக்கும் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.